ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடித் தரிசனம் செய்ய: முதல்முறை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

எங்கள் குடும்பத்தில் யார் ராமேஸ்வரம் கிளம்பினாலும் கூடப் போவது நான்தான். சித்தப்பா வீடு, அக்காவின் மாமியார் வீடு, அலுவலக நண்பர்கள் என்று பல தடவை பல பேரை அழைத்துப் போயிருக்கிறேன். கோயிலைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. எது முதலில், எது அப்புறம் என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

இந்தக் கோயிலில் பாதி வேலையை நனைந்துகொண்டே செய்ய வேண்டும், மீதியை உலர்ந்த துணியோடு செய்ய வேண்டும். ஈரத் துணியோடு மூலவர் சன்னதிக்குள் விடமாட்டார்கள். முதலில் ஈர வேலை, அதாவது கடலிலும் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நனைவது; பிறகு உலர்ந்த வேலை, அதாவது தரிசனம். கீழே உள்ள வரிசை முழுக்க இதை வைத்துத்தான்.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். ஆடி, தை, புரட்டாசி மகாளய அமாவாசை மூன்றுக்கும் ஊர் தாங்காத கூட்டம் வரும். பித்ரு காரியம் செய்ய வருகிறவர்கள் அன்றுதான் வந்தாக வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிற நாம் வேறு நாளில் போவதுதான் அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக இங்கேயும் வருவார்கள். சனி, ஞாயிறும் நெரிசல்தான். செவ்வாய், புதன் போன்ற வாரநாள் கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டு இரவு தங்க முடிந்தால் நிம்மதி. ஒரு இரவுதான் என்றால் முந்தைய நாள் சாயங்காலத்துக்குள் ஊருக்குள் இருக்கும்படி பாருங்கள். காலையில் வந்து இறங்கி, அன்றைக்கே எல்லாம் முடித்து, ராத்திரி வண்டி ஏறலாம் என்று திட்டமிடுகிறவர்கள் கடைசியில் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை.

2. அறை எங்கே எடுப்பது

கோயிலின் கிழக்குப் பக்கம், கடலுக்கும் கோபுரத்துக்கும் நடந்தே போகும் தூரத்தில் எடுங்கள். வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. தீர்த்தம் முடிந்ததும் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்துபோய் உடை மாற்ற வேண்டியிருக்கும். அறை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஈரத் துணியோடு ஆட்டோ தேட வேண்டும். வயதானவர்களுக்கு அங்கேயே நடுக்கம் வந்துவிடும்.

3. கொண்டுபோக வேண்டியவை

நனைவதற்கு ஒரு செட், தரிசனத்துக்கு ஒரு செட் என்று உடையைப் பிரித்துத் தனித்தனிப் பையில் வையுங்கள்.

நனையும் உடையில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், தொடையை உராயும், மறுநாள் வரை காயாது. பெண்களுக்கு அடர்நிறச் சுடிதார்தான் தோது. புடவைதான் கட்டுவேன் என்றால் மெல்லிய பருத்திப் புடவையாக, கொசுவத்துக்கும் முந்தானைக்கும் ஊக்கு குத்திக் கட்டுங்கள். வெள்ளை, இளமஞ்சள், இளஞ்சிவப்பு வேண்டாம். நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஆண்கள் வேட்டி கட்டினால் உள்ளே அரைக்கால் சட்டையும் மேலே பெல்ட்டும் அவசியம். வாளித் தண்ணீர் மேலிருந்து விழும் வேகத்தில் வேட்டி நழுவும்.

துடைக்கத் தடிமனான டர்க்கி டவல் வேண்டாம், மெல்லிய துண்டு போதும். அது பிழிந்தால் மறுபடி உதவும்.

பணத்துக்குச் சின்ன பிளாஸ்டிக் கவர். அதில் டிக்கெட்டுக்கான சில்லறை, பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் கொஞ்சம், அறைச் சாவி, அறையின் தொலைபேசி எண் எழுதிய காகிதம் வையுங்கள். காகிதம் எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன்.

நகை, கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். தண்ணீரில் விரல் குளிர்ந்து சுருங்கினால் மோதிரம் தானாகக் கழன்றுவிடும். மூக்குக் கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாதவர்கள் அதற்கு ஒரு கயிறு மாட்டிக்கொள்ளுங்கள். என் அத்தையின் கண்ணாடி மூன்றாவது கிணற்றடியில் வாளித் தண்ணீரோடு தெறித்துக் கருங்கல்லில் விழுந்து உடைந்தது. மீதி எல்லாக் கிணற்றுக்கும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

4. முந்தைய நாள் சாயங்காலம்: ஒரு வெள்ளோட்டம்

கோயில் மதியம் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத் திறப்பார்கள். இரவு 9 மணி வரை இருக்கும். போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் எந்த அவசரமும் இல்லாமல் ஒரு முறை சுற்றி வாருங்கள். சாமி கும்பிடுவது கூட அப்புறம் இருக்கட்டும், நான்கு இடங்களைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தீர்த்த டிக்கெட் எங்கே தருகிறார்கள், தீர்த்த வரிசை எந்த வாசலில் தொடங்குகிறது, உடை மாற்றும் அறை எங்கே, செல்போனும் செருப்பும் எங்கே வைப்பது. கூட்டத்தைப் பொறுத்து வரிசை விடும் பாதை மாறும் என்பதால் அங்கே இருக்கும் ஊழியரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். விடிகாலை இருட்டில், பாதித் தூக்கத்தில், ஈரத் துணியோடு இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னொன்று: பிரிந்தால் சந்திக்கும் இடம். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. ஐந்து பேர் சேர்ந்து போனால் ஒருவராவது கூட்டத்தில் பிரிந்துவிடுவார். கிழக்கு வாசல் வழியாக உள்ளே போனால் சுதையால் செய்த மிகப் பெரிய நந்தி இருக்கும். அந்த நந்தியை எல்லோருக்கும் காட்டி, "யார் காணாமல் போனாலும் இங்கே வந்து நில்லுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அதையும் தவறவிட்டால்தான் கையில் இருக்கும் அந்தக் காகிதம். இந்தக் காலத்தில் யாருக்கும் யாருடைய எண்ணும் மனப்பாடமாக இருப்பதில்லை.

5. ஸ்படிக லிங்கம் பார்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்

விடியற்காலை 5 மணிக்கு நடை திறந்ததும் கருவறையில் ஸ்படிக லிங்கத்துக்குப் பாலபிஷேகம் நடக்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குத் தனி டிக்கெட், தனி வரிசை. பார்க்கத் தவறாதீர்கள் என்பேன். விளக்கொளி அந்தக் கண்ணாடி போன்ற லிங்கத்துக்குள் புகுந்து வரும்போது, மேலே ஊற்றும் பால் வழிவது தனியாகத் தெரியும். நின்று பார்க்கக் கிடைப்பது சில நொடிகள்தான், ஆனாலும் மனசை விட்டுப் போகாது.

குழப்பம் இங்கேதான் வரும். "முதலில் கடல், பிறகு தீர்த்தம், பிறகு தரிசனம்" என்று கேள்விப்பட்டவர்கள் நாலு மணிக்கே கடலில் முங்கிவிட்டு ஈரத்தோடு ஸ்படிக வரிசைக்கு ஓடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அறையிலேயே சாதாரணமாகக் குளித்து, உலர்ந்த உடையில் 5 மணிக்கு முன்னால் வரிசைக்குப் போங்கள். பார்த்து முடித்ததும் அறைக்கு வந்து நனையும் உடைக்கு மாறி, அங்கிருந்து கடலுக்குப் போங்கள். ஒரு உடை மாற்றம் கூடுதல், அவ்வளவுதான்.

எழுந்திருக்க முடியாத குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் இதை விட்டுவிடலாம். ராமநாதர் தரிசனம் பிறகு எப்படியும் உண்டு.

6. அக்னி தீர்த்தம்

கிழக்கு கோபுரத்துக்கு எதிரே இருக்கும் கடல்தான் அக்னி தீர்த்தம். இதை முதலில் முடிப்பதுதான் வழக்கம். கடல் உப்பையும் மணலையும் பின்னால் வரும் கிணற்றுத் தண்ணீர் கழுவிவிடும் என்ற வசதியும் இதில் இருக்கிறது. மாற்றிச் செய்தால் நாள் முழுக்க உப்புப் பிசுபிசுப்போடு திரிய வேண்டும்.

அலை அடிக்காத கடல் இது, குளம் மாதிரி அமைதியாக இருக்கும். ஆனால் காலடியில் கவனம் தேவை. படிகள் பாசி பிடித்து வழுக்கும். யாராவது கழற்றி விட்டுப்போன துணி காலில் சுற்றும். இடுப்பளவு தண்ணீர் வரை போய் மூன்று முழுக்குப் போட்டால் போதும். சோப்பு, ஷாம்பு வேண்டாம். உடுத்திய துணியைக் கடலில் விடுவதும் வேண்டவே வேண்டாம். அது எந்தக் காரியத்துக்கும் அவசியமில்லை, அடுத்து இறங்குகிறவர் காலில்தான் மாட்டும்.

கரையில் தர்ப்பணம் செய்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு அந்தக் கடமை இருந்து, செய்ய விரும்பினால், உட்காரும் முன்பே தட்சணையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சும்மா பார்க்க வந்தவர்கள் அந்த இடத்தில் நின்று படம் எடுக்காமல் விலகிப் போவது மரியாதை. அப்பாவை நினைத்து அழுதுகொண்டிருக்கும் ஒருவர் நம் படத்தில் பின்னணியாக இருக்கக் கூடாது.

"மொத்தமாக நானே கூட்டிப்போகிறேன்" என்று கரையில் யாராவது வந்து பேசினால், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நடங்கள். கோயில் கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கினாலே எல்லாத் தீர்த்தமும் ஆடலாம்.

7. 22 தீர்த்தங்கள்

இனிதான் நாளின் முக்கியமான பகுதி. ஏழு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் வெயிலுக்கு முன் முடியும். வாரநாளில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டம் இருந்தால் இரண்டு மடங்கு.

வெறும் வயிற்றில் நிற்காதீர்கள். வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது. ஒரு காபி, இரண்டு பிஸ்கட் போதும். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். வரிசைக்குள் போய்விட்டால் நடுவில் வெளியே வருவது சிரமம்.

மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி என்று தொடங்கி, கந்தமாதனம், கவாட்சம், கவயம், நளன், நீலன் என்று வானர வீரர்கள் பெயரில் ஒரு தொகுதி, அப்புறம் சங்கு, சக்கரம், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயா என்று போகும். பெரும்பாலும் கிணறுகள், சேதுமாதவ தீர்த்தம் குளம். பெயரும் எண்ணும் எழுதிய பலகை இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போங்கள், நடுவில் ஒன்றைத் தவறவிட்டால் கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி வருவது கஷ்டம்.

கிணற்று மேட்டில் ஒருவர் கால்களை அகட்டி நிற்பார். கயிறு கட்டிய சின்ன வாளியை ஒரு வீச்சில் உள்ளே விட்டு, நாலைந்து இழுப்பில் மேலே கொண்டுவந்து, அதே வேகத்தில் நம் தலையில் கவிழ்ப்பார். முதல் கிணற்றில் மூச்சு ஒரு கணம் நின்றுவிடும். மூன்றாவதில் பழகிவிடும். வாளி மேலே வரும்போது தலையைக் குனிந்து, வாயால் மூச்சு விடுங்கள். அண்ணாந்து பார்த்தால் தண்ணீர் மூக்கில் ஏறும்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இந்தக் கிணறுகளில் உப்புக் கரிப்பதில்லை. உதட்டில் படும் துளியைக் கவனித்தால் ஒன்றுக்கொன்று சுவை மாறுவதும், ஒன்று சில்லென்றும் அடுத்தது கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருப்பதும் தெரியும். அவசரமாக ஓடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். எனக்கு 22 தீர்த்தத்தில் பிடித்ததே இதுதான்.

கூட்டமாகப் போனால் எல்லோரும் நெருங்கி நில்லுங்கள். ஒரே வாளியை நாலு பேர் மேல் ஊற்றுவார்கள். தள்ளி நிற்கிறவருக்கு நாலு சொட்டுதான் விழும். "எனக்கு விழவில்லை" என்று சண்டை போடுவதற்குப் பதில், "அண்ணே, பெரியவருக்கு ஒரு வாளி" என்று கேட்டால் ஊற்றிவிடுவார்கள். நாள் முழுக்கக் கயிறு இழுக்கிற அந்தக் கைகளைப் பார்த்தால் நமக்கே கேட்கத் தயக்கமாக இருக்கும்.

குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் முழு வாளி தேவையில்லை. "கொஞ்சமா ஊத்துங்க" என்று சொல்லுங்கள். ஆஸ்துமா, காய்ச்சல், சமீபத்தில் அறுவை சிகிச்சை என்றிருந்தால் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். என் அம்மாவுக்கு எழுபது வயதில் அப்படித்தான் செய்தோம். இருபத்திரண்டும் முடித்தார், தும்மல் கூட வரவில்லை.

தரை பற்றி ஒரு எச்சரிக்கை. ஆயிரக்கணக்கான ஈரப் பாதங்கள் நடந்த கருங்கல் அது. சில மூலைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். ஓடவே கூடாது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதை விடக் கையைப் பிடித்து நடத்திப் போவது பத்திரம். விழுந்தால் இருவரும் சேர்ந்து விழுவீர்கள்.

8. உடை மாற்றுவது

தீர்த்தம் முடிந்ததும் நேராக அறைக்கு. தலையை நன்றாகத் துவட்டி, உலர்ந்த உடைக்கு மாறி, டிபன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சாப்பிடாமல்தான் தரிசனம் என்ற வழக்கம் உள்ளவர்கள் ஒரு டம்ளர் பாலாவது குடியுங்கள். தலை சுற்றி வரிசையில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

கோயில் பக்கமும் உடை மாற்ற இடம் இருக்கிறது. ஆனால் மாற்று உடைப் பை அப்போது யார் கையில் இருக்கும்? எல்லோரும் நனைந்துகொண்டிருந்தால் பையும் நனையும். அங்கேயே மாற்றுவதானால் வீட்டில் ஒருவர் நனையாமல் பையோடு வெளியே உட்கார வேண்டும். நாங்கள் ஒரு தடவை இதை யோசிக்காமல் போய், ஆறு பேரும் சொட்டச் சொட்ட நின்றபோதுதான் பை அறையில் இருப்பது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அறைக்கே திரும்புவது என்று வைத்துக்கொண்டேன்.

9. தரிசனம்

இங்கே இரண்டு லிங்கங்கள். சீதை மணலில் பிடித்ததாகச் சொல்லப்படுவது ராமலிங்கம், அதுதான் மூலவர் ராமநாதர். அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவது விஸ்வலிங்கம். தாமதமாக வந்த அனுமன் வருந்தியதால் அவர் கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் பூஜை என்பது ஐதீகம். அதனால் முதலில் விஸ்வநாதர், பிறகு ராமநாதர், அப்புறம் பர்வதவர்த்தினி அம்மன். நேரம் இல்லை என்று நடுவில் கிளம்பிவிடாதீர்கள், அம்மன் சன்னதி தனியாக இருப்பதால் பலர் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள்.

பகல் 1 மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். பதினொன்றரைக்குள் வரிசைக்குப் போய்விடுங்கள். இந்து அல்லாத நண்பர்கள் கூட வந்தால் மூலவர் சன்னதிக்குள் போக முடியாது என்பதை ஊரிலேயே சொல்லிவிடுங்கள். பிரகாரங்களை அவர்களும் பார்க்கலாம். வாசல் வரை வந்த பிறகு தெரிந்தால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

10. மூன்றாம் பிரகாரம்

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஈரத்தோடு ஓடும்போது இந்தத் தூண்களைத் தாண்டித்தான் போவோம், ஆனால் ஒன்றுமே கண்ணில் படாது. உலர்ந்த உடை, நிறைந்த வயிறு, முடிந்த தரிசனம் என்று வந்து நிற்கும்போதுதான் பிரகாரம் தெரியும்.

1212 தூண்கள். திண்ணை போல உயர்ந்த மேடை மேல் இரண்டு பக்கமும் வரிசையாக, ஒரே தூணைக் கண்ணாடிக்கு எதிர்க்கண்ணாடி வைத்துப் பார்த்தது போல, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஒரு புள்ளியில் போய்க் குவியும். நடு வழியில், சரியாக மையத்தில் நின்று பாருங்கள். இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே அந்தக் குவிப்பு கலைந்துவிடும். மேற்குப் பக்கம் சொக்கட்டான் மண்டபத்தையும் பார்த்துவிட்டு, விதானத்து ஓவியங்களுக்காக அண்ணாந்தபடியே ஒரு சுற்று வாருங்கள். படம் எடுக்க முடியாது; நின்று நிதானமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

11. தனுஷ்கோடி

சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, மூன்று மணிக்குக் கிளம்புங்கள். மதியம் போனால் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. இருட்டும் முன் திரும்ப வேண்டும் என்பதால் இதை விடத் தாமதிக்கவும் முடியாது. ஆட்டோ, வேன் எதுவானாலும் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போய், வழியில் கோதண்டராமர் கோயிலிலும் பழைய தேவாலயத்திலும் நிறுத்தித் திரும்புவது என்று முழுதாகப் பேசிக்கொள்ளுங்கள். 'தனுஷ்கோடி' என்று மட்டும் சொன்னால் எதுவரை என்பதில் பிறகு பேச்சு வரும்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் இது. தேவாலயத்தின் சுவர்கள் மணலுக்கு நடுவில் நிற்கின்றன. அந்தச் சுவர் மேல் ஏறாதீர்கள். பவளக்கல்லால் கட்டியது, கையில் உதிரும்.

அரிச்சல்முனையில் ஒரு பக்கம் சாந்தமான கடல், மறுபக்கம் கொந்தளிக்கும் கடல். பெண் கடல், ஆண் கடல் என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். காலையில் அக்னி தீர்த்தத்தில் இறங்கிய தைரியத்தில் இங்கேயும் இறங்கிவிடாதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம். மணலும் காலடியில் சரியும். கரையில் நின்று கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

12. திரும்பும்போது

ஈரத் துணிகளைப் பிழிந்து, கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். உப்பும் மணலும் கலந்த துணி உள்ளே இருந்தால் ஊர் போய்ச் சேரும்போது பெட்டி முழுக்க நாறும்.

இரண்டு இரவு தங்கியவர்கள் பாம்பனைப் பகலில் கடக்கும்படி டிக்கெட் போடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் இப்போது வண்டிகள் ஓடுகின்றன. ராத்திரி வண்டியில் ஜன்னலுக்கு வெளியே வெறும் கருப்புதான். பஸ்ஸில் போனால் வடக்குப் பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள். சாலைப் பாலத்திலிருந்து ரயில் பாலம் அந்தப் பக்கம்தான் தெரியும், கீழே வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகளையும் பார்க்கலாம்.